வளர்வதை நிறுத்தாத பல்

பால்பல் விழுந்ததும் குழந்தைக்கு ஒரு கவலை வந்துவிடும். மறுபடி முளைக்குமா? அதற்குப் பெரியவர்களிடம் ஒரு சடங்கு தயாராக இருக்கிறது. பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்வார்கள் நம் ஊர்ப் பாட்டிகள். இலங்கையில் எறிந்தால் மட்டும் போதாது, அணிலைக் கூப்பிட்டுச் சொல்லவும் வேண்டும்: பழைய பல்லை நீ எடுத்துக்கொள், எனக்குப் புதுப்பல் தா. வேறு பல நாடுகளில் இதே விண்ணப்பம் எலியின் பெயருக்குப் போகிறது.

பல்லுக்குப் பேர்போனவை புலியும் முதலையும். அவற்றை விட்டுவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிராணியிடம் போய்ப் பல் கேட்கலாம் என்று முதலில் நினைத்தவர் யாரோ, ஆளறிந்துதான் கேட்டிருக்கிறார். தேங்காய் ஓட்டையும் மரக்கதவையும் நாள் தவறாமல் கடித்தாலும் எலிக்குப் பல் குட்டையாவதில்லை, மழுங்குவதுமில்லை. சாகும் நாள்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் பல் அது.

அந்தப் பல்லின் பலத்தில் ஒரு கூட்டம் உலகையே பிடித்திருக்கிறது. இன்று அறியப்பட்ட பாலூட்டி இனங்கள் சுமார் 6,500. அவற்றில் ஏறத்தாழ 2,500 இனங்கள், அதாவது பத்துக்கு நான்கு, கொறித்துண்ணிகள். இரண்டாம் இடத்தில் இருக்கும் வௌவால்களே சுமார் 1,400தான். யானை, திமிங்கிலம், சிங்கம், குரங்கு, நாம் எல்லாரும் மிச்ச இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறோம். பாலைவனம், பனிவெளி, மரக்கிளை, மண்ணடி, சாக்கடை என்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் அவை இருக்கின்றன.

பெயரை நம்ப வேண்டாம்

யார் யார் இந்தக் கூட்டம் என்று தமிழ்ப் பெயர்களை வைத்துத் தேடினால் வழி தவறிவிடும். முள்ளம்பன்றியின் பெயரில் பன்றி இருக்கிறது. ஆனால் அது பன்றி அல்ல, கொறித்துண்ணி. முள்ளெலியின் பெயரில் எலி இருக்கிறது. ஆனால் அது எலி அல்ல, தமிழகத்தின் வறண்ட நிலங்களில் பூச்சி தின்று வாழும் வேறு குடும்பம். பிள்ளையாரின் வாகனம் என்று நாம் சொல்லும் மூஞ்சூறும் அப்படித்தான். கூர்மூக்கும் குமட்டும் வாடையுமாக இரவில் அடுக்களைச் சுவரோரம் ஓடும் அது தேடி வருவது அரிசியை அல்ல, கரப்பான்பூச்சியை. வாயைத் திறந்து பார்த்தால் ஊசிமுனை போன்ற சிறு பற்கள் வரிசையாக இருக்கும். கொறிக்கும் பல்லுக்கு அங்கே இடமில்லை.

இதைவிட வியப்பு உறவுமுறையில் இருக்கிறது. பாலூட்டிகளின் குடும்ப மரத்தை மரபணுக்களைக் கொண்டு வரைந்தபோது, மூஞ்சூறு போய் உட்கார்ந்த கிளையில் வௌவாலும் பூனையும் பசுவும் இருந்தன. எலி உட்கார்ந்த கிளையில் முயலும் குரங்கும் மனிதனும் இருந்தார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும் எலியும் மூஞ்சூறும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை என்னும் அளவுக்கு விலகியவை. எலிக்கு மூஞ்சூறைவிட நாம் நெருக்கம்.

பெயர்க் குழப்பத்தில் தெலுங்குக்கும் பங்குண்டு. பெருச்சாளிக்கு அங்கே பந்திகொக்கு என்று பெயர். பன்றி எலி என்று பொருள். ஆங்கிலேயர் அதைப் ‘பாண்டிகூட்’ என்று திரித்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் கண்ட வேறொரு விலங்குக்கும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். வயிற்றில் பை வைத்துக் குட்டி வளர்க்கும் அந்த விலங்கு பன்றியும் அல்ல, எலியும் அல்ல.

ஆகவே விலங்கியலாளர் பெயரைக் கேட்பதில்லை; வாயைத் திறக்கச் சொல்கிறார். அந்தச் சோதனையில் தேறும் நம் ஊர்க்காரர்கள்: அணில், மலை அணில், முள்ளம்பன்றி, பெருச்சாளி, வெள்ளெலி, வீட்டெலி, சுண்டெலி. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் 1988இல் சரணாலயம் அமைத்துக் காக்கப்படும் சாம்பல் நிற மலை அணிலும் இந்தப் பட்டியலில் உண்டு. முயல் மட்டும் நூலிழையில் தவறிவிடும். அதன் மேல்வாயின் இரண்டு முன்பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும். கொறித்துண்ணிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது.

தன்னைத் தானே தீட்டும் உளி

எலிக்கு மொத்தமே 16 பற்கள். முன்னால் நான்கு வெட்டுப்பற்கள், பின்னால் பன்னிரண்டு கடைவாய்ப்பற்கள். கோரைப்பல் கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வெறும் ஈறு. இந்த இடைவெளி வீணல்ல. எலி மரத்தையோ கம்பி உறையையோ கடிக்கும்போது, வெட்டுப்பற்களுக்குப் பின்னால் கன்னத்தை உள்ளே இழுத்து வாயை அடைத்துக்கொள்ளும். தூள் வெளியே கொட்டும், தொண்டைக்குள் போகாது. தின்பதற்காகக் கடிப்பது, கடிப்பதற்காகக் கடிப்பது என்ற இரண்டு வேலைகளையும் எலி பிரித்து வைத்திருக்கிறது.

வெட்டுப்பல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது நுனி மட்டும். கீழ்த்தாடையில் அது கடைவாய்ப்பற்களுக்கு அடியே வளைந்து, தாடை மூட்டுக்குப் பக்கம்வரை நீண்டு கிடக்கும். அதன் அடிமுனை எந்நாளும் மூடுவதில்லை. நம் பல்லில் எனாமலைச் செய்யும் செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வந்ததோடு மடிந்துவிடுகின்றன. அதனால்தான் சொத்தையான பல் தானாக ஆறுவதில்லை. எலியின் பல்லடியிலோ பட்டறை பூட்டப்படுவதே இல்லை. அடியில் செய்து செய்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நம் கைநகம் ஒரு மாதத்தில் வளரும் அளவுக்கு எலியின் பல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். தேயாமல் விட்டால் ஓராண்டில் 10 சென்டிமீட்டரைத் தாண்டும்.

வளர்ந்தால் மட்டும் போதுமா? கூரும் வேண்டுமே. அதற்கு ஓர் எளிய உத்தி இருக்கிறது. நம் பல்லில் எனாமல் சுற்றிலும் போர்த்தியிருக்கும். எலியின் வெட்டுப்பல்லில் அது முன்பக்கம் மட்டும். பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசும்போது பின்பக்கம் சீக்கிரம் தேய்கிறது. முன்பக்கத் தகடு விளிம்பாக நிற்கிறது. தச்சரின் உளியும் இதே வடிவம்தான். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் நேர்விளிம்பு. தச்சர் உளியைத் தீட்டக் கல்லைத் தேட வேண்டும். எலிக்கு எதிர்ப்பல்லே சாணைக்கல்.

பல கொறித்துண்ணிகளின் முன்பல் ஆரஞ்சு நிறமாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அது இரும்பு. எனாமலின் மேலடுக்கில் கனிமப் படிகங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சாந்தில் இரும்பு கலந்திருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அணைகட்டும் கொறித்துண்ணியான பீவரின் பல்லை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சாதாரண எனாமலைவிட அந்த இரும்புப் பூச்சு கடினமாக இருந்தது, அமிலத்துக்கும் அதிகம் தாக்குப்பிடித்தது.

வரம் என்றால் சாபமும் கூடவே வரும். எதிர்ப்பல் உடைந்தாலோ தாடை கோணினாலோ தேய்மானம் நின்றுவிடும், வளர்ச்சி நிற்காது. பல் வளைந்து வாய்க்கு வெளியே சுருளும். சில நேரம் மேலண்ணத்தையே துளைக்கும். பசியால் சாகும் எலியின் வாயில் நீளமான பல் இருக்கும். ஓயாத வளர்ச்சிக்கு ஓயாத தேய்மானம் வேண்டும் என்ற இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எலியின் கதையில் அது வாயோடு முடிவதில்லை.

தாடையின் மூன்று வழிகள்

உளி இருந்தால் போதாது, அதைச் செலுத்தும் கையும் வேண்டும். கொறித்துண்ணியின் கீழ்த்தாடை முன்னும் பின்னும் சறுக்கும். முன்னால் தள்ளினால் வெட்டுப்பற்கள் சந்திக்கும், கடைவாய் விலகிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் கடைவாய் அரைக்கும், முன்பற்கள் விலகிக்கொள்ளும். கொறிப்பதும் மெல்லுவதும் ஒரே நேரத்தில் நடக்காது.

இந்தச் சறுக்கலுக்குத் தாடைத்தசை முன்னோக்கி இழுக்க வேண்டும். அதை எங்கே கட்டுவது என்பதில் மூன்று தீர்வுகள் உருவாயின. ஜெர்மானிய விலங்கியலாளர் பிராண்ட் 1855இலேயே இவற்றைப் பிரித்துக் காட்டினார். அணில் தன் தசையின் வெளிப்பகுதியைக் கண்ணுக்கு முன்னால் மூக்கெலும்புவரை நீட்டிக்கொண்டது. முள்ளம்பன்றியும் கினிப் பன்றியும் உள்பகுதியைக் கண்ணுக்கு முன்னாலுள்ள எலும்புத் துளை வழியாக நுழைத்து முன்னே கொண்டுபோயின. எலி இரண்டையும் செய்தது.

இதில் எது மேல்? பிரிட்டன் ஆய்வாளர் பிலிப் காக்ஸும் குழுவினரும் 2012இல் மண்டையோடுகளைக் கணினியில் மாதிரி செய்து, அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். கினிப் பன்றியைவிட அணில் கொறிப்பதில் கெட்டி. அணிலைவிடக் கினிப் பன்றி மெல்லுவதில் கெட்டி. எலியோ இரண்டு வேலையிலும் இரண்டையும் முந்தியது. கொட்டை உடைப்பவனும் புல் மெல்லுபவனும் தத்தம் தொழிலில் தங்கிவிட, எதையும் தின்னும் வாயோடு எலி வீடு வீடாகப் புகுந்ததன் ஒரு காரணம் அதன் கன்னத்தில் இருக்கிறது.

கல்லில் கிடைத்த பற்கள்

சின்ன விலங்கின் எலும்புக்கூடு முழுசாகக் கிடைப்பது அபூர்வம். பல் மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கும். எனவே கொறித்துண்ணிகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மண்ணைச் சலித்து, கடுகளவு கடைவாய்ப்பற்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர்கள்தாம்.

கொறிக்கும் தொழிலைக் கண்டுபிடித்தவை கொறித்துண்ணிகள் அல்ல. டைனோசர் காலத்திலேயே மல்டிடியூபர்குலேட் என்ற பாலூட்டிக் கூட்டம் எலி போன்ற முன்பற்களோடு திரிந்தது. கடைவாய்ப்பல்லில் மேடுகள் பல இருந்ததால் அந்தப் பெயர். விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்த பேரழிவையும் தாண்டி வாழ்ந்த கூட்டம் அது. பூமியில் அதன் ஆயுள் 10 கோடி ஆண்டுகளுக்கும் அதிகம். கொறித்துண்ணிகள் களத்துக்கு வந்தபின் மெல்ல மெல்லக் குறைந்து, சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றாக மறைந்தது. ஒரே தொழிலுக்கு இரண்டு கடை. புதிய கடை வென்றது என்று பலர் கருதுகிறார்கள்.

புதிய கடை திறந்த இடம் ஆசியா. சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் கிடைத்த ஹியோமிஸ் என்ற விலங்கு கொறித்துண்ணியாக மாறும் வாசற்படியில் நிற்கிறது. முயலின் முன்னோர்களும் அதே நிலப்பரப்பில்தான் கிடைக்கிறார்கள். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் அணில் சாயல் கொண்ட பாராமிஸ் தோன்றிவிட்டது. இந்தியா அப்போது ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலம். குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த பாலூட்டி எச்சங்களில் அக்காலத்துக் கொறித்துண்ணிகளின் பற்களும் இருக்கின்றன.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு புதையல் இருக்கிறது. இமயத்தின் அடிவாரமான சிவாலிக் மலைத்தொடரின் படிவுகள், பாகிஸ்தானின் போத்வார் பீடபூமியில் அடுக்கடுக்காக வெளியே தெரிகின்றன. அங்கே கீழடுக்கிலிருந்து மேலடுக்கு நோக்கிப் போனால், எலிப்பல் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறுவதைப் பார்க்கலாம். சுமார் 1.4 கோடி ஆண்டுப் பழமையான ஆன்டெமஸ் என்ற எலியின் கடைவாய்ப்பல்லில் மேடுகள் வரிசைப்படத் தொடங்குகின்றன. 1977இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் லூயிஸ் ஜேக்கப்ஸ் அதற்குப் பெயரிட்டார். அதற்கு மேலடுக்கில் புரோகோனோமிஸ். அதற்கும் மேலே சுண்டெலியின் வழி தெளிவாகத் தெரிகிறது. படிவளர்ச்சியைப் படிப்படியாகவே காட்டும் இடங்கள் உலகில் குறைவு. அவற்றில் இது ஒன்று.

சுண்டெலியின் வழியும் பெரிய எலியின் வழியும் பிரிந்தது சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று சிவாலிக் பற்களை வைத்து நெடுங்காலம் கணக்கிட்டு வந்தார்கள். மரபணுக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்ததும் அந்தக் கணக்குதான். மனிதனும் சிம்பன்ஸியும் பிரிந்து 60, 70 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. சுண்டெலியையும் பெரிய எலியையும் எலி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, நம்மையும் சிம்பன்ஸியையும் மட்டும் தனித்தனியாக எண்ணுகிறோம்.

கடல் கடந்தவை

தென் அமெரிக்கா நெடுங்காலம் தீவாகக் கிடந்த கண்டம். அங்கே கொறித்துண்ணி கிடையாது. திடீரென்று ஒரு நாள் இருந்தது. பெரு நாட்டு அமேசான் காட்டில், கொன்தமானா என்ற இடத்தில் கிடைத்த சுமார் 4.1 கோடி ஆண்டுப் பழமையான பற்கள்தாம் அதற்குப் பழைய சாட்சி. அவற்றின் சாயல் வட அமெரிக்கப் பற்களைப் போல இல்லை. ஆப்பிரிக்கப் பற்களைப் போல இருந்தது. அட்லாண்டிக் அப்போது இன்றைக்கு இருப்பதைவிடக் குறுகல். ஆற்று வெள்ளம் வேரோடு பெயர்த்த மரத்திட்டுகளில் ஒட்டிக்கொண்டு சில ஜோடிகளோ, சூல்கொண்ட ஒரு தாயோ கரை சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த அகதிகளின் வம்சம் ஒரு கண்டத்தை நிரப்பியது. ஆண்டிஸ் மலை மக்கள் இறைச்சிக்காக வளர்த்த கினிப் பன்றி, பட்டுமயிர் சின்சில்லா, 50 கிலோவுக்கு மேல் எடையோடு சதுப்பில் மேயும் காப்பிபாரா எல்லாம் அந்தக் குடும்பம். அமெரிக்க முள்ளம்பன்றிகளும் அப்படியே. நம் முள்ளம்பன்றியைவிடக் கினிப் பன்றிதான் அவற்றுக்கு நெருங்கிய சொந்தம்.

அந்த வம்சத்தில் ஒரு பெரியப்பா இருந்தார். உருகுவே நாட்டில் கிடைத்த அரை மீட்டர் நீள மண்டையோட்டை 2008இல் விவரித்தவர்கள், உயிரோடிருந்தபோது அது சுமார் ஒரு டன் எடை இருந்திருக்கும் என்றார்கள். பின்னால் கணக்கிட்டவர்கள் பாதியாகக் குறைத்தார்கள். பாதி என்றாலும் ஓர் எருமைக்குச் சமம். ஜோசஃபோஆர்டிகாசியா என்ற அந்த விலங்கின் முன்பல் தாடை தரும் விசையைவிட மிக அதிக விசையைத் தாங்கக்கூடியது என்று காக்ஸ் 2015இல் காட்டினார். கொறிப்பதற்கு அவ்வளவு பலம் தேவையில்லை. யானை தந்தத்தைப் பயன்படுத்துவது போல மண்ணைக் கிளறவும் எதிரியைக் குத்தவும் அது பயன்பட்டிருக்கலாம். மறுமுனையில், பலுசிஸ்தான் பாலையில் 3, 4 கிராம் எடையில் துள்ளித் திரியும் குட்டை ஜெர்போவா. இரண்டுக்கும் வாயின் முன்னால் அதே நான்கு வெட்டுப்பற்கள்.

எதிர்ப்பல் இல்லாத பெருக்கம்

எலி 21 முதல் 23 நாளில் ஈனும். ஈன்ற ஒரு நாளுக்குள் மறுபடி சூல்கொள்ள முடியும். பெண்குட்டி சில வாரங்களிலேயே தாயாகத் தகுதி பெற்றுவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பூமியே எலியால் மூடிப்போகும் என்று பயமுறுத்துவது எளிது. மூடிப்போகவில்லை. வயலில் பாம்பும் கூகையும் கீரியும் கழுகும், அவற்றோடு பசியும் நோயும் சேர்ந்து அன்றாடம் தேய்க்கின்றன. காவிரிப்படுகை உழவர் வயலில் பறவைத் தாங்கி நட்டு ஆந்தையைக் கூப்பிடுவதும், மூங்கிலை வளைத்துத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும், வரப்பு வளைகளை இருளர் தோண்டுவதும் அந்தத் தேய்மானத்தில் மனிதர் சேர்த்த பங்கு. பல்லுக்குச் சொன்ன கணக்குதான் இங்கேயும்.

தேய்மானம் ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மிசோரம் அறியும். அங்கே மலைமலையாக வளரும் மெலோகன்னா மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, காய்த்து, மடியும். மிசோ மொழியில் இதற்கு ‘மௌதாம்’ என்று பெயர். மூங்கில் சாவு என்று பொருள். காட்டுத் தரை முழுக்கச் சத்தான காய்கள் கொட்டிக் கிடக்கும். தின்பவை தின்று தீர்க்க முடியாத அளவு கொட்டினால்தான் மிஞ்சியவை முளைக்கும் என்பது மூங்கிலின் உத்தி. அந்த விருந்தில் எலி ஈன்றுகொண்டே இருக்கிறது. பிடித்துத் தின்னும் விலங்குகளால் அந்த வேகத்தில் பெருக முடியாது. மிஞ்சிய காய் முளைவிட்டு விருந்து முடிந்ததும், பெருகிய கூட்டம் ஒரே இரவில் நெல்வயலில் இறங்கும்.

1911லும் 1959லும் 2007லும் அது நடந்தது. 1959 பஞ்சத்தில் நிவாரணத்துக்கென்று லால்தெங்கா தொடங்கிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961இல் பெயரிலிருந்த பஞ்சத்தை நீக்கிவிட்டு அரசியல் கட்சியானது. 1966இல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. 1986இல்தான் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசின் பாராமுகம் உட்பட அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றின் தொடக்கத்தில் மூங்கில் பூவும் எலியும் நிற்கின்றன.

வீட்டுக்குள் வந்த கதை

உழவு தொடங்கியதால் எலி வந்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். இஸ்ரேல், ஜோர்தான் பகுதிகளின் பழங்குடியிருப்புகளில் கிடைத்த சுண்டெலிக் கடைவாய்ப்பற்களை அளந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு அதை மாற்றியது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன், விதைக்கத் தொடங்காத வேட்டைக்குடிகள் ஓரிடத்தில் தங்க ஆரம்பித்தபோதே வீட்டுச் சுண்டெலி உள்ளே வந்துவிட்டது. மக்கள் மறுபடி அலையத் தொடங்கிய காலங்களில் காட்டுச் சுண்டெலியின் பற்கள் கூடின. தங்கிய காலங்களில் வீட்டுச் சுண்டெலியின் பற்கள் கூடின. மனிதன் எப்போது வீடு கட்டினான் என்று எலியின் பல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

வீட்டெலியின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம். முசிறியின் மிளகு செங்கடல் துறைகள் வழியே ரோமுக்குப் போன காலத்தில் இதுவும் சீட்டு வாங்காத பயணியாகக் கப்பலேறியது. பண்டைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரை, இந்த எலி ஐரோப்பாவுக்குள் இரண்டு முறை குடியேறியதாகச் சொல்கிறது. ரோமப் பேரரசோடு ஒருமுறை. பேரரசு சரிந்து நகரங்களும் தானியப் போக்குவரத்தும் ஒடுங்கியபோது வட ஐரோப்பாவில் எலியும் ஒடுங்கியது. இடைக்காலத்தில் வணிகம் தழைத்தபோது வேறொரு வம்சம் உள்ளே வந்தது. எலி இருந்தால் அங்கே தானியம் நகர்கிறது என்று பொருள்.

நாம் விஷம் வைத்தோம். எலியால் வாந்தியெடுக்க முடியாது. அதனால் புதிய தீனியைச் சந்தேகத்தோடு கொஞ்சம் கடித்துப் பார்த்து, உடம்புக்கு ஆகாவிட்டால் பிறகு தொடாது. இந்த எச்சரிக்கையை ஏமாற்ற வந்த மருந்து வார்ஃபரின். இரத்தம் உறைவதை மெதுவாகத் தடுத்து, சில நாள் கழித்துக் கொல்லும். எந்தத் தீனியால் வந்த வினை என்று எலிக்குத் தெரியாது. 1948இல் விற்பனைக்கு வந்தது. பத்தே ஆண்டில், 1958இல், ஸ்காட்லாந்தில் அதைத் தின்றும் சாகாத எலிகள் தென்பட்டன. அந்த மருந்து தாக்கும் புரதத்தின் மரபணு 2004இல் கண்டறியப்பட்டது. சாகாத எலிகளில் அது மாறியிருந்தது.

ஜெர்மனி, ஸ்பெயின் சுண்டெலிகள் வேறு வழியில் தப்பின. தாங்கும் மரபணுவை அவை புதிதாக உருவாக்கவில்லை, கடன் வாங்கின. இருபது லட்சம் ஆண்டு அளவில் பிரிந்துபோன அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேற்றினத்தோடு எங்கோ எப்போதோ நடந்த கலப்பில் அது வந்து சேர்ந்திருந்தது என்று 2011இல் தெரியவந்தது. அப்படிக் கலந்து பிறக்கும் குட்டிகளில் பல மலடு. வார்ஃபரின் இல்லாதிருந்தால் அந்த மரபணு பரவாமலே மங்கியிருக்கக்கூடும். அதைப் பரப்பியது நாம் வைத்த விஷம்.

விதியை மீறிய இரண்டு

எல்லா வீட்டிலும் வழிக்கு வராத பிள்ளை உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் மண்ணுக்குள் வாழும் முடியற்ற அகழெலிகள் தேனீக்களைப் போல ஒரு ராணிக்குக் கீழ் வாழ்கின்றன என்று 1981இல் ஜெனிஃபர் ஜார்விஸ் அறிவித்தபோது பாலூட்டிகளில் அப்படி ஒன்று அதுவரை அறியப்படவில்லை. உதட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் பற்களால் அவை மண்ணைத் தோண்டும். உதடு பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்வதால் மண் வாய்க்குள் போகாது. மூளையில் தொடுஉணர்வுக்கான பரப்பில் மூன்றில் ஒரு பங்கை அந்த முன்பற்களுக்கே ஒதுக்கியிருக்கின்றன. அதே அளவுச் சுண்டெலி இரண்டு, மூன்று ஆண்டில் முடிந்துபோக, இவை 30 ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றன. ஆக்சிஜனே இல்லாத காற்றில் 18 நிமிடம் தாக்குப்பிடித்ததாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொன்று இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு மலைக்காட்டில் கிடைத்து, 2012இல் அறிவிக்கப்பட்ட பாசிடென்டோமிஸ். மண்புழு அங்கே தாராளம். மென்மையான புழுவைக் கொறிக்கவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம். அந்த எலிக்குக் கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லை. மேல் வெட்டுப்பல்லும் உளி வடிவத்தை இழந்து இரண்டு முனையோடு சிறுத்துவிட்டது. கொறிக்கவே முடியாத கொறித்துண்ணி. ஒரு குலத்துக்கே பேர் வாங்கித் தந்த பல்லைக்கூட, வேலை இல்லாவிட்டால் இயற்கை திரும்ப எடுத்துக்கொள்கிறது.

கூரைமேல் எறிந்த கேள்வி

எலியின் பல்லடிப் பட்டறை ஏன் மூடுவதில்லை? 1999இல் ஹெல்சிங்கியில் இர்மா தெஸ்லெஃபின் குழு அந்தப் பட்டறைக்குள் எட்டிப்பார்த்தது. சுண்டெலியின் வெட்டுப்பல்லின் அடியில், வளைந்த ஒரு திசு மடிப்புக்குள், எனாமல் செல்களைப் பெற்றுக்கொண்டே இருக்கும் குருத்தணுக்கள் குடியிருந்தன. பக்கத்துத் திசு அனுப்பும் வேதிச் சைகைகள் அவற்றை உறங்கவிடாமல் வைத்திருந்தன. அன்றிலிருந்து பல் எப்படி உருவாகிறது, எப்படித் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்று படிப்பவர்களுக்குச் சுண்டெலியின் முன்பல் பாடநூலாகிவிட்டது. எலியும் நாமும் ஒரே கிளைக்காரர்கள் என்பதால் அந்தப் பாடத்தில் பெரும்பகுதி நமக்கும் பொருந்தும். வித்தியாசம், நம் பட்டறையில் வேலைக்காரர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்களைத் திரும்ப அழைக்க முடியுமா என்பதுதான் ஆய்வுக்கூடத்தின் கேள்வி. அழைத்தால் மட்டும் போதாது, எங்கே நிறுத்துவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். எதிர்ப்பல் இல்லாத எலியின் கதி நமக்கும் வந்துவிடக் கூடாது. வெள்ளை அங்கி அணிந்து சுண்டெலியின் தாடையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும் ஆய்வாளர், அணிலிடம் புதுப்பல் கேட்ட குழந்தையின் விண்ணப்பத்தைத்தான் வேறு மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறார்.